வாட்ஸ்அப் காய்கறி ஆர்டர்: முன்கூட்டிப் பணம் கட்டாதீர்கள்

தென்சென்னையில் எங்கள் பகுதி மளிகைக் கடை ஒன்று வாட்ஸ்அப்பில் காய்கறி ஆர்டர் எடுக்கிறது. பெயர் போடவில்லை, ஏரியாக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். காலை ஆறு மணிக்கெல்லாம் ‘இன்று கோயம்பேட்டிலிருந்து வந்தவை’ என்று விலைப்பட்டியலும் ஒரு போட்டோவும் வந்துவிடும். ஜிபே பண்ணினால்தான் ஆர்டர். டெலிவரி பதினோரு மணிக்கு மேல்.

பட்டியலில் இருப்பதெல்லாம் கடையில் இருப்பதில்லை. போன வாரம் நான் கேட்டது சாம்பார் வெங்காயம், ஊட்டி கேரட், வெண்டைக்காய், அரைக்கீரை. வந்தது பெரிய வெங்காயம், ஆனால் எடுத்துக்கொண்டது சாம்பார் வெங்காய விலை. கேரட் ஊட்டி இல்லை, கர்நாடகாவின் மாலூரிலிருந்து வருவது, அதைக் கொண்டுவந்த பையனே ஒத்துக்கொண்டான். வெண்டைக்காய் முனையை ஒடித்தால் ஒடியவில்லை, வளைந்தது. கீரைக் கட்டு வெளியே தண்ணீர் தெளித்துப் பளபளவென்று இருந்தது. கட்டைப் பிரித்தால் நடுவில் கறுத்து, கொழகொழவென்று ஒரே நாற்றம்.

போன் செய்தேன். “மழைக்கா, லோடு கம்மி.” சரி, மழை என்றால் ஆந்திரா, கர்நாடகா லாரிகள் குறையும், விலை ஏறும். இல்லாததை இல்லை என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிவிட வேண்டியதுதானே? “அடுத்த பில்லுல கழிச்சுக்கலாம்க்கா” என்கிறார்கள். அதாவது, நம் பணத்தை வாங்க மறுபடி அவர்களிடமே வாங்க வேண்டும். இத்தனைக்கும் பில் என்று ஒன்றே கிடையாது. துண்டுச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும் கிறுக்கியிருக்கும்.

போட்டோ சங்கதியைக் கண்டுபிடித்தது எதிர் வீட்டு மாமி. தினமும் வருவது ஒரே படம். தக்காளிக் கிரேட்டுக்குப் பின்னால் ஒரு கூடை மாம்பழம் தெரியும். ஐப்பசியில் ஏது பங்கனப்பள்ளி?

நேரில் போய்ப் பார்த்ததும் மீதியும் விளங்கிவிட்டது. காலையில் வந்திறங்கும் நல்ல காய் முன் தட்டுகளில் கொட்டப்படுகிறது. கடைக்கு வருகிறவர்கள் பொறுக்கி எடுத்துப் போகிறார்கள். அந்த மிச்சத்தோடு நேற்றைய காயையும் கலந்து கட்டுவதுதான் பதினோரு மணி டெலிவரி. அதனால்தான் கடைக்கே போகிறவர்கள் யாரும் குறை சொல்வதில்லை.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கவும் பணத்தைத் தரவும் மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும். இதைச் சொன்னதும் ஓனரின் குரல் கொஞ்சம் இறங்கியது. வெங்காய வித்தியாசம் மட்டும் ஜிபேயில் வந்தது. கீரைக்கும் வெண்டைக்காய்க்கும் “பச்சைக் காய்க்கு ரிட்டர்ன் கிடையாது” என்று முடித்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன்.

அங்கேதான் வாங்கியாக வேண்டும் என்றால் காயைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கீரைக் கட்டை டெலிவரிப் பையன் நிற்கும்போதே பிரித்துவிடுங்கள். ஏற்கெனவே மாட்டியவர்கள் காலைப் பட்டியலை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலத்துக்குள் அந்த மெசேஜை அழித்துவிடுகிறார்கள்.