ஃபுல் செட்டா, ஃப்ளெக்ஸ் செட்டா, நாமே எழுதுவதா? பேண்டுக்கு நோட்டு வாங்கும் முன்

மார்த்தாண்டம் பக்கம் எங்களுக்கு ஒரு பேண்டு இருக்கிறது. சபை, பங்கு என்று பார்ப்பதில்லை. சபை விருந்தான அசனப் பண்டிகைக்கும் வாசிப்போம், தேர்ப்பவனிக்கும் வாசிப்போம், டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸுக்கும் போவோம். போன வாரம் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். டிரம்பெட் மூன்று, கிளாரினெட் நான்கு, ஆல்டோ சாக்ஸ் இரண்டு, டெனர் சாக்ஸ் ஒன்று, டிரோம்போன் ஒன்று, யூஃபோனியம் ஒன்று, ஃப்ளூட் படிக்கும் பிள்ளை ஒன்று. சைடு டிரம், பேஸ் டிரம், சிம்பலுக்கு எப்போதும் ஆள் உண்டு. ஓபோ, பஸூன், பிரெஞ்சு ஹார்ன், டியூபா எதுவும் கிடையாது.

அந்தத் தாளும் நிலையானது இல்லை. போன வருடம் இருந்த இரண்டாவது டிரோம்போன் இப்போது துபாயில். தூத்தூர் பக்கமிருந்து வரும் இரண்டு டிரம்பெட் பையன்களும் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வர மாட்டார்கள். குலசேகரத்துக் கிளாரினெட்காரர் ரப்பர் பால்வெட்டுக்கு விடியுமுன் எழ வேண்டும்; ராத்திரி எட்டரைக்கு மேல் அவரை உட்கார வைக்க முடியாது. நம் மாவட்டத்தில் பல பேண்டுகளின் நிலைமை இதுதான். அதனால் எந்த நோட்டு, அதாவது இசைத் தாள், நல்ல நோட்டு என்று யாராவது கேட்டால், முதலில் இந்தத் தாளை எழுதிக்கொண்டு வாருங்கள் என்பேன்.

முதலில் ஃபுல் செட், அதாவது ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாள் உள்ள நோட்டு. அமெரிக்கப் பதிப்பகங்கள் கன்சர்ட் பேண்டு நோட்டுகளைப் பெரும்பாலும் 1 முதல் 6 வரை கிரேடு போட்டு விற்கின்றன. சிலர் 5 வரை. கிரேடு 1 என்றால் நீண்ட ஸ்வரங்கள், பி-ஃப்ளாட், இ-ஃப்ளாட் போன்ற சுருதிகள், கிளாரினெட்காரர் 'பிரேக்' (கீழ் ஸ்தாயி முடிந்து விரல் மாறும் இடம்) தாண்டி மேலே ஏற வேண்டிய தேவை இருக்காது. கிரேடு 3-க்கு மேல் போனால் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி வேலை வந்துவிடும். அதுதான் ஃபுல் செட்டின் அழகு. கிளாரினெட் பாடும்போது டிரம்பெட் ஓய்ந்திருக்கும். ஹார்ன் ஒரு வரி சொன்னால் ஃப்ளூட் பதில் சொல்லும். ஆறு நிறம் தெரிகிற இசை அது. அதைக் கேட்டு வளராத பிள்ளைக்கு பேண்டு என்றால் சத்தம் என்று மட்டும்தான் தெரியும்.

ஆனால் அந்த நிறமே நமக்கு வினையாகிறது. சில வருடங்களுக்கு முன் கிறிஸ்துமஸுக்காக கிரேடு 3-ல் ஒரு செட் வாங்கினேன். யூடியூபில் கேட்டபோது கண் கலங்கியது. அதை மட்டும் வைத்து முடிவு செய்துவிட்டேன். முதல் பயிற்சியில் நடுப்பகுதி வந்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஹார்ன் மெட்டுப் பாட, பஸூன் அடியில் தாங்க, மற்றவர்களுக்கெல்லாம் எட்டு பார் (பார் என்பது ஒரு தாளக் கட்டம்) ரெஸ்ட், அதாவது ஓய்வு. எங்கள் யூஃபோனியம் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: "மக்களே, இந்த எட்டு பாரையும் ஆரு வாசிக்கியது?" அன்று ராத்திரி உட்கார்ந்து ஹார்ன் பார்ட்டை ஒரு முழு ஸ்வரம் மேலே தூக்கி ஆல்டோ சாக்ஸுக்கு எழுதினேன். பஸூன் வரியை யூஃபோனியத்துக்குக் கொடுத்தேன். வாசித்தோம், ஆனால் வாங்கிய தாள்களில் பாதி உறை பிரியாமலே இருக்கிறது. செட்டுகளின் விலை ஐம்பது டாலர் அளவில் தொடங்கி, பெரிய உருப்படிகளுக்கு நூறு டாலரையும் தாண்டுகிறது. சபைக் கணக்கில் அது சின்னத் தொகை இல்லை.

ஃபுல் செட் வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஸ்கோரில் (எல்லா வாத்தியத்தின் வரிகளும் சேர்ந்த தாளில்) ஒன்றைத் தேடுங்கள்: க்யூ நோட்டு. இல்லாத வாத்தியத்தின் வரியை இருக்கிறவரின் தாளில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். நல்ல கிரேடு 2 செட்டுகளில் இது தாராளமாக இருக்கும். ஆள் குறைந்தாலும் ஓட வேண்டும் என்ற கவலை புதியதும் இல்லை. ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் 1909-ல் எழுதிய இ-ஃப்ளாட் முதல் சூட் என்ற இசைத் தொகுப்பில், 19 பார்ட் இருந்தால் வாசிக்கலாம், மற்ற 17-ம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பிரித்துத்தான் வைத்தார். பேண்டுக்கென்று எழுதப்பட்ட பெரிய படைப்புகளில் ஒன்று அது. அதை எழுதியவரே ஆள் குறைவைக் கணக்கில் எடுத்திருக்கிறார்.

எந்த வாத்தியம் இருக்கிறதோ அதை வைத்து வாசிக்கும்படி சில பார்ட்டுகளில் எழுதிய ஃப்ளெக்ஸ் செட் இந்தக் கவலையிலேயே பிறந்தது. ஹால் லெனார்டு என்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் ஃப்ளெக்ஸ்-பேண்ட் வரிசை ஐந்து பார்ட்டும் தாளமும் கொண்டது. மற்ற பதிப்பகங்களிலும் நான்கு, ஐந்து பார்ட் செட்டுகள் உண்டு. 2020-ல் கொரோனா வந்து பேண்டுகள் சின்னக் குழுக்களாகப் பிரிந்தபோது இப்படிப்பட்ட நோட்டுகள் நிறைய வெளியாயின. முதல் பார்ட் மெட்டு. ஐந்தாவது அடித்தளம். ஒரே பார்ட்டை பி-ஃப்ளாட், இ-ஃப்ளாட், எஃப், சி என்று அந்தந்த வாத்தியத்தின் சுருதிக்கேற்ப மாற்றி அச்சிட்டுத் தருவார்கள். ஒவ்வொரு பார்ட்டுக்கும் குறைந்தது ஒருவர் இருந்தால் இசை முழுதாக நிற்கும். தூத்தூர் பையன்கள் கடலுக்குப் போனாலும் முதல் பார்ட்டைக் கிளாரினெட் பிடித்துக்கொள்ளும்.

ஐந்தாவது பார்ட்டுக்கு டியூபா இல்லையே என்று பலர் பின்வாங்குகிறார்கள். பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிற தம்பி இருப்பானே! பெரும்பாலான ஃப்ளெக்ஸ் செட்டுகளில் ஸ்டிரிங் பேஸுக்கு ஒரு தாள் இருக்கும். அதை அவனுக்குக் கொடுங்கள். ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டு இசைக் குறிப்பு) படிக்கத் தெரியாவிட்டால் மேலே கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) பெயரை எழுதிக் கொடுத்தால் போதும். பவனியில் நடக்கும்போது அவன் வர முடியாது, அது உண்மை. அப்போது டெனர் சாக்ஸை நான்காவது பார்ட்டிலும், யூஃபோனியத்தை ஐந்தாவதிலும் போடுகிறேன்.

குறையையும் சொல்ல வேண்டும். ஃப்ளெக்ஸில் எல்லாரும் எப்போதும் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். ஃப்ளூட், கிளாரினெட், டிரம்பெட் மூன்றும் ஒரே மெட்டை முதல் பாரிலிருந்து கடைசி பார் வரை ஊதினால், டிரம்பெட் மற்ற இரண்டையும் மூடிவிடும். மேடையில் மூன்று நிமிடம் சமாளிக்கலாம். தேர் தெருத்தெருவாக ஊர்ந்து போகிற இரவில் டிரம்பெட் பையனின் உதடு முதல் மணி நேரத்திலேயே வீங்கிப்போகும். இன்னொன்று, பல வாத்தியங்களுக்கும் எட்ட வேண்டும் என்பதால் ஒவ்வொரு பார்ட்டும் குறுகிய எல்லைக்குள்ளேயே சுற்றும். நான்கு உருப்படி தொடர்ந்து வாசித்தால் எல்லாம் ஒன்று போலக் கேட்கும்.

இதற்கு மருந்து பென்சில். ஃப்ளெக்ஸ் செட்டை அரைகுறையாகச் சமைத்த உணவாக நினைத்துக்கொள்ளுங்கள். மீதியைப் பேண்டு மாஸ்டர்தான் முடிக்க வேண்டும். முதல் சரணம் கிளாரினெட் மட்டும், பல்லவிக்கு டிரம்பெட் சேரட்டும், இரண்டாம் சரணம் சாக்ஸும் யூஃபோனியமும் மட்டும், தாளம் நிற்கட்டும், கடைசியில் எல்லாரும். இதைத் தாளில் குறித்துக் கொடுத்த நாளில் எங்கள் பேண்டு வேறு பேண்டு மாதிரி ஒலித்தது. நோட்டு மாறவில்லை, பிள்ளைகளுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது.

எந்த ஃப்ளெக்ஸ் செட்டை வாங்குவது என்று ஒப்பிடும்போது நான் மூன்றாவது பார்ட்டைத்தான் முதலில் பார்க்கிறேன். பதிப்பகங்களின் தளத்தில் ஸ்கோரின் சில பக்கங்களாவது பார்க்கக் கிடைக்கும். மெட்டு எல்லா செட்டிலும் நன்றாகத்தான் இருக்கும். நடு வரி வெறும் கார்டு நிரப்பியாக இருந்தால், அதை வாசிக்கிற பிள்ளை இரண்டாம் வாரம் பயிற்சிக்கு வர மாட்டான். அவனுக்கும் எங்காவது நான்கு பார் மெட்டு வந்தால் அந்த செட்டை வாங்கலாம்.

பித்தளை வாத்தியம் மட்டுமே உள்ள குழுவாக இருந்தால் வேறு வழி இருக்கிறது. நாகர்கோவிலில் கேத்தரின் பூத் மருத்துவமனையை நடத்தும் இரட்சணிய சேனைக்கு, உலகம் முழுக்க பிராஸ் பேண்டு மரபு ஒன்று உண்டு. அவர்களுடைய நோட்டுகளில் நாலு குரல் அமைப்பே சின்னக் குழுவுக்கும் போதும் என்கிற வரிசைகள் இருக்கின்றன. பிரிட்டிஷ் பிராஸ் பேண்டு முறையில் பேஸ் டிரோம்போன் தவிர வாத்தியம் ஊதும் எல்லாருக்கும் டிரெபிள் கிளெஃப்தான் (மேல் ஸ்தாயிக்கான குறி). கார்னெட் படித்தவன் நாளைக்கே யூஃபோனியம் எடுக்கலாம், விரல் மாறாது. நம் ஊரில் பழைய பேண்டுக்காரர்கள் பலர் இப்படிப் படித்தவர்கள். அமெரிக்க செட்டில் பேஸ் கிளெஃப் (கீழ் ஸ்தாயிக்கான குறி) தாளைப் பார்த்துத் திகைப்பார்கள். ஆல்ஃபிரட் போன்ற பதிப்பகங்கள் இதற்காக 'வேர்ல்டு பார்ட்ஸ்' என்று டிரெபிள் கிளெஃப் தாள்களைத் தளத்தில் வைத்திருக்கின்றன, வாங்கியவர் இறக்கிக்கொள்ளலாம். கிளாரினெட், சாக்ஸ் அதிகமுள்ள எங்களுக்கு இந்த பிராஸ் நோட்டுகள் பொருந்தவில்லை.

இலவச நோட்டுகளில், பழைய மார்ச்சுகளுக்கு நான் முழு மனதோடு ஓட்டுப் போடுவேன். ஐஎம்எஸ்எல்பி என்ற இலவச இசைத் தாள் தளத்தில் கிடைக்கிற நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்க மார்ச் செட்டுகளில் இ-ஃப்ளாட் ஹார்ன் பார்ட் இருக்கும். ஆல்டோ சாக்ஸும் இ-ஃப்ளாட், அதனால் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே வாசிக்கலாம். அச்சு மங்கலாக இருக்கும், ஷார்ப் எது ஃப்ளாட் எது என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும். தாளை ஒரு முறை சுத்தமாகத் திரும்ப எழுதுங்கள்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியச் சட்டத்தில் இசையமைத்தவர் இறந்து 60 வருடம் வரை காப்புரிமை உண்டு. பழைய பாட்டுக்குப் புதிதாகச் செய்த அமைப்புக்கும் தனி உரிமை இருக்கும். உண்மையான மதச் சடங்கில் வாசிப்பதற்கு 1957-ம் வருடச் சட்டம் விலக்குத் தருகிறது. அந்த விலக்கு வாசிப்பதற்குத்தான். ஒரு சபை வாங்கிய செட்டை ஜெராக்ஸ் எடுத்து ஐந்து சபைக்குக் கொடுப்பதற்கு அது பொருந்தாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: தமிழ்க் கீர்த்தனைகள். நம் சபைகளில் ஜனங்கள் மனதாரப் பாடுவது இவற்றைத்தான். இவற்றுக்குப் பொருத்தமான பேண்டு செட்டை எந்த வெளிநாட்டுப் பதிப்பகத்திடமும் தேட முடியாது. நாமேதான் எழுத வேண்டும். மியூஸ்ஸ்கோர் மென்பொருள் இலவசம். ஒரு வரியை அடித்தால் எந்த வாத்தியத்துக்கும் அதுவே சுருதி மாற்றித் தரும்.

முதல் முடிவு சுருதி. கீபோர்டுகாரர் டி மேஜரில் வாசித்துப் பழகியிருப்பார். அதையே பேண்டுக்குக் கொடுத்தால் டிரம்பெட்டுக்கு நான்கு ஷார்ப், ஆல்டோ சாக்ஸுக்கு ஐந்து ஷார்ப், பிள்ளைகள் திணறிவிடுவார்கள். அரைச் சுருதி ஏற்றி இ-ஃப்ளாட்டில் எழுதினால் டிரம்பெட்டுக்கு ஒரே ஃப்ளாட், ஆல்டோவுக்கு ஒன்றுமே இல்லை. கீபோர்டுகாரர் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு முறை தட்டினால் போதும். பாடுகிறவர்களுக்கு அந்த அரைச் சுருதி பெரிதாகத் தெரியாது.

அப்புறம் ராகம். சங்கராபரணம் மேஜர் ஸ்கேல் தான், நாலு குரலில் எழுதலாம், தவறில்லை. மோகனத்துக்கு ஐந்தே ஸ்வரம். குறைவான கார்டு போட்டு, நடுக் குரல்களை நடமாட விட்டால் அழகாக வரும். மாயாமாளவகௌளை போன்ற ராகத்தில் மேற்கத்திய கார்டுகளைத் திணிப்பது எனக்குச் சம்மதமில்லை. அங்கே நான்காம், ஐந்தாம் பார்ட்டுக்கு ஸ-ப நீட்டிக் கொடுத்துவிட்டு மெட்டைத் தனியாக விடுகிறேன். கமகத்தைத் தாளில் எழுதி எல்லாரையும் வளைக்கச் சொன்னால் குழம்பும். சுசீந்திரம் தேரோட்டத்தில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த ஒரு கிளாரினெட்காரர் எங்களிடம் இருக்கிறார். அவர் மட்டும் வளைக்கட்டும், மற்றவர்கள் நேராக நிற்கட்டும். ஆதி தாளத்தை 4/4 ஆகவும், ரூபகத்தை 3/4 ஆகவும் எழுதலாம். ஆனால் எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) தள்ளி வருகிற பாட்டில் பார் கோடு எங்கே விழுகிறது என்று பாடிப் பார்த்துத்தான் போட வேண்டும். தப்பாகப் போட்டால் பேஸ் டிரம் தப்பான இடத்தில் விழும், சபையே தடுமாறும்.

இந்த வழிக்கு ஆகும் செலவு நேரம். ஒரு கீர்த்தனையை ஐந்து பார்ட்டில் எழுதி, அச்சிட்டு, ஒரு முறை வாசித்துத் திருத்த எனக்கு நான்கு ராத்திரி ஆகிறது.

ஆகவே இந்த வருடக் காசை இப்படிப் பிரித்திருக்கிறேன். கேரல் ரவுண்ட்ஸுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் செட். பவனிக்கு இலவச மார்ச் இரண்டு, மழைக்காலம் என்பதால் ஏ5 அளவில் அச்சிட்டு லேமினேட் செய்து, வாத்தியத்தில் மாட்டும் கிளிப்போடு. ஃபுல் செட்டை இரண்டு ஹார்ன் பிள்ளைகள் தவறாமல் வரும் வரை தொடப்போவதில்லை. கீர்த்தனைகள் மூன்று, நான் எழுதுவது. முதலாவது முடிந்துவிட்டது. அதன் நடுப்பகுதியில் எட்டு பார் யூஃபோனியம் அண்ணனுக்கு மட்டும் மெட்டு, டிரெபிள் கிளெஃபில், கொஞ்சம் பெரிய எழுத்தில்.