கடற்கரை ஊருக்கு எந்த பிரேக் ஓஸ்: ரப்பரா, ஸ்டீலா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பைக்கில் போய்வருகிறேன். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாக இருபது கிலோமீட்டருக்கு மேல். முன்னால் போகிற பஸ் ஆள் ஏற்ற எந்த இடத்திலும் சட்டென்று ஒதுங்கும். அப்படி ஒருநாள் தவளக்குப்பத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன், லிவர் கைப்பிடியைத் தொடுகிற அளவுக்கு உள்ளே வந்துவிட்டது. வண்டி நின்றுவிட்டது, ஆனால் படபடப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கையால் லிவரை இறுக்கிவிட்டு, இன்னொரு கையின் இரண்டு விரலால் கேலிபருக்கு (சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்வுகிற பாகம்) மேலே, லிவரிலிருந்து ஆயிலைக் கொண்டுவரும் ஓஸைப் பிடித்துப் பார்த்தேன். லிவரை அழுத்தும்போதெல்லாம் ரப்பர் விரலுக்குள் புடைத்தது. வளைவை விரித்தால் முடி முடியாக விரிசல். லிவர் தள்ளுகிற ஆயிலில் ஒரு பங்கு, ஓஸ் புடைப்பதற்கே போய்க்கொண்டிருந்தது.

ஸ்டீல் ஓஸ் என்று கடையில் சொல்வது முழுக்க ஸ்டீல் இல்லை. உள்ளே டெஃப்லான் குழாய், அதன்மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிப் பின்னல். பின்னல் குழாயைப் புடைக்க விடாது, அதனால் லிவர் கெட்டியாக இருக்கும். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு பிடிக்கிறது என்பது விரலுக்கே தெரியும். மழையில் நனைந்த ரோட்டில் இந்தத் தெளிவு பெரிய விஷயம். ஆனால் பிரேக்கின் பலம் இதனால் கூடாது. பேடும் டயரும் தேய்ந்திருந்தால் எந்த ஓஸும் காப்பாற்றாது.

இன்னொன்று. ஸ்டீல் போட்டதும் பிரேக் பிரமாதம் என்கிற பலர், எட்டு வருஷப் பழைய ரப்பரைக் கழற்றிவிட்டுப் போட்டவர்கள். கூடவே ஆயிலும் புதிதாக ஊற்றியிருப்பார்கள். இது நியாயமான ஒப்பீடு இல்லை. புது ரப்பர் ஓஸ், புது ஆயில், ஆயில் வழியிலுள்ள காற்றைச் சுத்தமாக எடுத்த பிரேக் என்று வைத்துப் பார்த்தால் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடும். பல வண்டிகளின் கையேட்டிலேயே ஆயிலை 2 வருஷத்துக்கு ஒருமுறை, ஓஸை 4 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயில் புதிதில் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். கொதித்தால் குமிழி வந்து லிவர் தளர்ந்துவிடும். அதனால் டிஸ்க் பிரேக் உள்ள சின்ன வண்டியில் கடைத்தெருவுக்கும் ஆபீசுக்கும் போகிறவருக்கு, கம்பெனி ரப்பர் ஓஸே புதிதாகப் போதும். இதைத் தயங்காமல் சொல்வேன்.

ஸ்டீல்தான் என்று முடிவு செய்தால், நம் ஊரில் யோசிக்க வேண்டியது பின்னலின் மேல்உறையைப் பற்றி. நான் முதலில் வாங்கியது உறை இல்லாத வெறும் பின்னல். வெள்ளிக்கொடி மாதிரி பளபளத்தது, அதில்தான் மயங்கினேன். ஒரு ஐப்பசி, கார்த்திகை தாண்டவில்லை, நுனிகளில் பழுப்புக் கறை. பின்னல் ஸ்டெயின்லெஸ்தான், ஆனால் இரண்டு முனையிலும் நசுக்கிப் பொருத்திய துண்டு முலாம் பூசின சாதா இரும்பு. பின்னலுக்குள் போன மணலும் உப்பும் வெளியே வராது. அந்த மணல் பின்னலை உள்ளிருந்து அறுக்கும். வெளியே அதே பின்னல் மட்கார்டு பெயின்டை அரம் போல ராவி, விரல் நீளத்துக்குத் தகரம் தெரிய வைத்துவிட்டது.

இப்போது வண்டியில் இருப்பது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை போட்டது, முனைகளும் ஸ்டெயின்லெஸ். கறுப்பு உறை பார்க்க அழகு, ஆனால் உள்ளே துரு பிடித்தால் தெரியாது. கண்ணாடி மாதிரி உறை என்றால் துடைக்கும்போதே பார்த்துவிடலாம். இங்கிலாந்தின் குட்ரிட்ஜ், ஹெல், ஸ்பெயினின் கால்ஃபர் எல்லாம் பேர்பெற்றவை. எதை வாங்கினாலும் முனை என்ன உலோகம், உறை உண்டா என்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பேர் இல்லாத மலிவு ஓஸைப் பிரேக்கில் போட்டுச் சோதிக்க வேண்டாம்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) உள்ள வண்டிக்கு ஒரு எச்சரிக்கை. அதில் லிவர் பக்கத்தில் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஏபிஎஸ் பெட்டிக்கு ஒரு வழி, அங்கிருந்து கேலிபருக்கு இன்னொரு வழி. உங்கள் மாடலுக்கென்றே வந்த செட்டாக இருக்க வேண்டும். காற்று எடுப்பதும் சாதா வண்டியைவிட நுணுக்கமான வேலை. அது தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் விடுங்கள்.

மாட்டும்போது ஓஸ் முனையை இறுக்குகிற பேஞ்சோ போல்ட்டின் இரண்டு பக்க வாஷரும் புதிதாக இருக்கட்டும். பழையதைத் திருப்பிப் போட்டால் கசியும். ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி திருப்பி, ஃபோர்க் முழுக்க நீண்ட நிலையிலும் ஓஸ் இழுபடாமல் இருக்கிறதா, டயரில் உரசுகிறதா என்று பாருங்கள். பிரேக் ஆயில் பெட்ரோல் டேங்க்கின் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், இல்லையென்றால் பெயின்ட் உரிந்துவிடும்.

பின்சக்கரத்துக்கு நான் ரப்பரையே மறுபடியும் புதிதாகப் போட்டேன். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது, பணத்தை அங்கே வைத்தேன்.