வேலூரில் மலிவு விலை ‘2 டிபி எஸ்எஸ்டி’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

என் மச்சான் குடியாத்தத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாண சீசனுக்காக வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் 2 டிபி (சுமார் 2,000 ஜிபி) போர்ட்டபிள் எஸ்எஸ்டி, அதாவது போட்டோ, வீடியோ சேமிக்கும் கையடக்க டிஸ்க் வாங்கினார். விலை 1,800 ரூபாய். பில் கேட்டதற்கு, “ஜிஎஸ்டி போட்டா ரேட்டு ஏறும்ணா” என்று சொல்லித் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்று கல்யாணங்களை அதில் ஏற்றினார். காப்பி ஆகும்போது ஒரு எரரும் வரவில்லை. ஆல்பம் வேலைக்கு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. பெயர் போட்டுத் தேடினால் போட்டோ வருகிறது, சைஸ் சரி, தேதி சரி. திறந்தால் பாதி சாம்பல் கட்டம், மீதி திறக்கவே இல்லை.

கடைக்கு நானும் கூடப் போனேன். “சிஸ்டத்துல போட்டுக் காட்டினேனே ணா, 2 டிபி காட்டுச்சா இல்லியா? உங்க லேப்டாப்ல வைரஸ் இருக்கும்” என்கிறார் அந்தத் தம்பி. அவர் எதிரிலேயே டிஸ்க்கின் மூடியைக் கழற்றினோம். சின்ன போர்டில் 64 ஜிபி மெமரி கார்டு, கனத்துக்கு ஓர் இரும்புத் துண்டு, மேலே பசை. அதற்கப்புறமும் ரிட்டர்ன் கிடையாது என்றார்கள். என்ன தைரியம்!

கம்ப்யூட்டர் 2 டிபி காட்டியது உண்மைதான், வைரஸ் என்று அவர் சொன்னதுதான் பொய். உள்ளே டிஸ்க்கை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பில் கொள்ளளவைப் பொய்யாகப் பதிந்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் அதை அப்படியே நம்புகிறது. 64 ஜிபி நிறையும்வரை பிரச்சினை இல்லை. பிறகு வருவதைச் சில சிப்கள் காற்றில் விட்டுவிடும், சில பழையதன் மேலேயே எழுதும். ஃபைல் பெயர்களின் பட்டியல் தனியாக இருப்பதால் தேடலில் எல்லாம் பத்திரமாக இருப்பதுபோலத் தெரியும். அப்படி வேறொன்று மேலே எழுதி அழிந்துபோன ஃபைலை எந்த ரெக்கவரி கடையாலும் மீட்க முடியாது; அதற்கும் காசு கொடுத்து ஏமாறாதீர்கள்.

நிஜமான 2 டிபி டிஸ்க் விண்டோஸில் 1.81 டிபி என்றுதான் காட்டும். முழுசாக 2 காட்டினால் அங்கேயே சந்தேகப்படுங்கள். 1.81 காட்டினாலும் போதாது. விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருள் டிஸ்க் முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். லினக்ஸ், மேக்கில் இதே வேலைக்கு எஃப்3 (F3). நொடிக்கு 30 எம்பி வேகத்தில் 2 டிபி எழுதவே பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகட்டும், முகூர்த்தம் திரும்ப வராது. சோதித்த டிஸ்க்கிலும் ஒரே பிரதியை மட்டும் வைக்காதீர்கள். இன்னொன்று வேறு டிஸ்க்கில், முடிந்தால் வேறு வீட்டில்.

பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகார் பதிந்திருக்கிறோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. துண்டுச்சீட்டு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், கழற்றிய டிஸ்க் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தியிருக்கிறோம்.

ஒரு கல்யாணம் முழுசாகத் தப்பியது. கேமரா கார்டை மச்சான் இன்னும் அழிக்காமல் வைத்திருந்தார். இதே மாதிரி வெள்ளி நிற டிஸ்க் உங்களிடமும் இருந்தால் அதில் இனி எதையும் ஏற்றாதீர்கள், கார்டுகளையும் ஃபார்மேட் போடாதீர்கள். முதலில் பழைய போட்டோக்களில் பத்தைத் திறந்து பாருங்கள்.