வாங்கி வருடங்கள் ஆன போனுக்கு ஒரு ரிவ்யூ

போன் ரிவ்யூக்கள் பெரும்பாலும் பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே வந்துவிடுகின்றன. என் போன் அந்தப் பருவத்தைத் தாண்டி வருடங்கள் ஆகின்றன. எந்த நிறுவனம் என்பது வேண்டாம், விஷயம் எல்லாப் போனுக்கும் பொதுவானது.

சாவியோடு ஒரே பாக்கெட்டில் கிடந்தும் திரையில் சாவிக் கீறல் இல்லை. இருக்கிற மெல்லிய கோடுகள் எல்லாம் மணல் போட்டவை. எது எதைக் கீறும் என்று காட்டும் மோஸ் கடினத்தன்மை அளவில், போன் கண்ணாடியில் பொதுவாக 6-இல் கீறல் விழத் தொடங்கும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. சாவி அதற்கெல்லாம் கீழே.

நடுவில் சார்ஜர் கேபிள் தொளதொளத்துப் போனது, லேசாக அசைந்தாலே சார்ஜ் நின்றுவிடும். போர்ட்டையே மாற்ற வேண்டும் என்றார்கள் சர்வீஸ் சென்டரில். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாக நெம்பிப் பார்த்தேன். பாக்கெட் பஞ்சு நாள்பட அமுங்கி, அட்டைத் துண்டு மாதிரி கெட்டியாக வெளியே வந்தது. இப்போது கேபிள் டக்கென்று உட்காருகிறது.

ஐபி68 (தூசி, தண்ணீர் தாங்கும் தரக் குறியீடு) என்று போட்டிருந்தாலும் தண்ணீரில் நனைப்பதில்லை. அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது. சோப்புத் தண்ணீருக்கும் உப்புத் தண்ணீருக்கும் அதில் உத்தரவாதம் இல்லை. தண்ணீர் புகாமல் உள்ளே ஒட்டியிருக்கும் பசைக்கும் வயதாகும்.

இப்படி உடம்பு திடமாக இருக்கும்போதே பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க நிறுவனம் அனுப்பும் செக்யூரிட்டி அப்டேட் நின்றுவிட்டது. எனக்குப் பெரிய குறை இதுதான். 2023-இல் கூகுளின் பிக்சல் 8, 2024-இல் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 என்று ஏழு வருட அப்டேட் வாக்குறுதிகள் வந்தன. என்னுடையது அதற்கு முந்தைய தலைமுறை. அப்டேட் நிற்கும் நாளில் எதுவும் உடையாது, எதுவும் வெடிக்காது, அதனால் செய்தியும் வராது.

செய்திக்கு வளைவதும் வெடிப்பதும்தான் தீனி. 2014-இல் ஐபோன் 6 பிளஸ் வளைகிறது என்று ஊரே சிரித்தது. பொருள்களைச் சோதித்துச் சொல்லும் அமெரிக்க அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸின் சோதனையில் அது 90 பவுண்ட் அழுத்தத்தில்தான் வளைந்தது. சின்ன ஐபோன் 6-உம், வேறு நிறுவனத்தின் எச்டிசி ஒன் எம்8-உம் 70 பவுண்டிலேயே வளைந்தன. அப்போ ஆப்பிள்மேல் அநியாயப் பழியா? அதுவும் இல்லை. 6 பிளஸ் வளையும் வாய்ப்பு முந்தைய ஐபோன் 5எஸ்-ஐவிட 7.2 மடங்கு அதிகம் என்று ஆப்பிளின் உள் ஆவணங்களிலேயே இருந்தது 2018-இல் நீதிமன்றம் வழியாக வெளியே வந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நியாயமான செய்தி. 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்த விவகாரத்தில் கோளாறு பேட்டரியில்தான் என்று சாம்சங்கே பிறகு சொன்னது. அங்கே கூச்சலுக்குக் காரணம் இருந்தது. ஆனால் “போன் வெடித்தது” என்று வரும் தனிச் செய்திகளில் எந்த சார்ஜர், பேட்டரி மாற்றப்பட்டதா என்ற இரண்டு வரி பல நேரம் இருக்காது. ஆய்வில் என்ன தெரிந்தது என்ற அடுத்த செய்தியும் அபூர்வம்.

“கோடிக்கணக்கான போன்களுக்கு ஆபத்து” என்று வரும் பாதுகாப்பு ஓட்டைச் செய்திகளும் அப்படித்தான். எந்த வெர்ஷன், ஓட்டையை அடைக்கும் பேட்ச் வந்துவிட்டதா, யாராவது நிஜமாகவே தாக்கப்பட்டார்களா? இவை கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கும், அதுவும் இருந்தால். நான் இப்போதெல்லாம் நேரே அந்தப் பத்திக்குப் போய்விடுகிறேன். அப்புறம் செட்டிங்ஸில் பேட்ச் தேதி.

வங்கி ஆப்களை இந்தப் போனிலிருந்து எடுத்தாயிற்று. பாட்டுக்கும் கேமராவுக்கும் ஜோராக ஓடுகிறது. யாராவது இந்த மாடலைப் பழையதாக வாங்க நினைத்தால், வேலைக்கான முதல் போனாக வாங்க வேண்டாம்.