பாவித்த டெஸ்லா பி40 வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் பாவித்த டெஸ்லா பி40 கார்ட் இரண்டு வாங்கினேன். இது சேர்வரில் ஏஐ வேலைக்குப் பூட்டும் என்விடியா கார்ட். ஒன்று 90,000 ரூபா. அதில் ஒன்று பழுது, அது கடைக்காரருக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

பழைய தமிழ்ப் பத்திரிகைகளை வாசிக்கும் ஒரு ஏஐ மாடலைப் பழக்கத்தான் நானும் மச்சானும் 4யூ ரேக் சேர்வர் (ரேக்கில் பூட்டும் பெரிய கணினி) ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தோம். பி40 2016இல் வந்தது, ஆனாலும் 24 ஜிபி மெமரி. கடைக்காரர் கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை அடித்துக் காட்டினார். பெயர் வந்தது, 24 ஜிபியும் வந்தது. "புதுசு மாதிரி இருக்குது தம்பி" என்றார். காசைக் கொடுத்துவிட்டோம்.

வீட்டில் முதல் கார்ட் நன்றாக ஓடியது. இரண்டாவதில் இருபது நிமிடம் போனதும் லாஸ் கணக்கு (மாடல் எவ்வளவு பிழை விடுகிறது என்ற அளவு) குழம்பும், அப்புறம் புரோகிராம் நின்றுவிடும். மூன்று இரவு எங்கள் கோடில்தான் பிழை என்று தேடினோம். கடைசியில் மச்சான்தான் கவனித்தான், அந்தக் கார்டில் ஈசிசி நிறுத்தப்பட்டிருந்தது. ஈசிசி என்பது மெமரிப் பிழையைப் பிடிக்கும் வசதி. அது ஓடினால் இந்தக் கார்டில் 24 ஜிபி முழுதாகத் தெரியாது, கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். அதைப் போட்டு மறுபடி ஓடவிட்டதும் பிழைகள் வரிசையாக வந்தன. ரிட்டயர்ட் பேஜஸ் பகுதியைத் திறந்தால் 61. கெட்டுப்போன மெமரிப் பக்கங்களை இந்தக் கார்ட் அதிகபட்சம் 64 வரைதான் ஒதுக்கிவைக்கும். இந்தக் கணக்கு கார்டுக்குள்ளேயே எழுதப்படுகிறது, ஈசிசியை நிறுத்தினாலும் அழியாது. கடையில் நின்றபோதே 'என்விடியா-எஸ்எம்ஐ -கியூ' அடித்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். அதே இடத்தில் சீரியல் நம்பரும் வரும், ஸ்டிக்கரில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இது ஆபத்தானது. அவர் தந்த கேபிள் சாதாரண கிராபிக்ஸ் கார்டுக்குப் போடும் 8 பின். பி40க்கு வேண்டியது மதர்போர்டில் சிபியுவுக்குப் போகும் 8 பின். இரண்டிலும் 12 வோல்ட் கம்பியும் எர்த் கம்பியும் இடம் மாறி இருக்கும், அழுத்திச் செருகினால் கார்ட் எரிந்துபோகலாம். கேபிளின் மஞ்சள், கறுப்புக் கம்பிகளைப் பார்த்து மச்சான் தடுத்திராவிட்டால் நல்ல கார்டும் போயிருக்கலாம்.

திருப்பிக் கொண்டுபோனோம். "பாவிச்ச சாமானுக்கு என்ன வாரண்டி? உங்கட வீட்டு சூட்டுக்குத்தான் இப்படி" என்றார். பி40க்கு சொந்த ஃபேன் இல்லை, உண்மைதான். ஆனால் நாங்கள் ஃபேன் பூட்டித்தான் ஓட்டினோம், 70 பாகைக்கு மேல் போனதே இல்லை. பில்லில் மாடல் பெயர்கூட இல்லாமல் "கார்ட் 2" என்றுதான் எழுதியிருந்தார், அதைக் கவனிக்காதது என் பிழை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைப்பேன் என்றதும்தான் 50,000 ரூபாவுக்குத் திருப்பி எடுத்தார்.

நேற்று அந்தப் பக்கம் போனபோது கார்ட் மறுபடி கண்ணாடி அலுமாரியில் இருந்தது. பின்பக்கத் தகட்டில் ஒரு ஆணி மட்டும் பித்தளை நிறம், பக்கத்தில் நீளமாக ஒரு கீறல். அதை யாராவது எடுத்துக் காட்டினால் வாங்க வேண்டாம்.