கோதோகுஜி பூனை: திருப்பித் தர வேண்டிய ராசி பொம்மை

எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ராசி என்று விற்கும் சின்னப் பொருள் ஒன்றை வாங்கி வருவது என் பழக்கம். திருச்சி வீட்டு ஷோகேஸில் இரண்டு தட்டு முழுக்க அவைதான். எல்லாமே நிலைக்கவில்லை. ஒரு மலை ஊரில் வாங்கிய ராசிக் காசு ஆறே மாதத்தில் பூச்சு உரிந்து பல்லிளித்தது.

டோக்கியோவில் நிஷிகசாயில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனபோது, கோதோகுஜி என்ற புத்தர் கோயிலில் பூனை பொம்மை வாங்கினேன். அங்கே போக ஷிஞ்சுகு ஸ்டேஷனில் ஒடாக்யூ தடத்து ரயில் பிடிக்க வேண்டும். வேக ரயில்கள் கோதோகுஜி ஸ்டேஷனில் நிற்காது. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ரயிலாகப் பார்த்து ஏறுங்கள்.

17ஆம் நூற்றாண்டில் ஈ நவோதகா என்ற பிரபு இந்த வழியாக வந்தபோது, கோயில் வாசலில் ஒரு பூனை கையசைத்து உள்ளே கூப்பிட்டதாம். அவர் உள்ளே போனதும் இடியும் மழையும் கொட்டித் தீர்த்தது என்பது கதை. 1633 முதல் இது அவர் குடும்பத்துக் கோயில் ஆனது.

வெள்ளைப் பீங்கான், சிவப்புக் கழுத்துப் பட்டை, அதில் ஒரு மணி, தூக்கிய வலது கை. அவ்வளவுதான் பொம்மை. ஜப்பானியக் கடைகளில் விற்கும் இதே மாதிரிப் பூனை பொம்மை பெரும்பாலும் தங்கக் காசைப் பிடித்திருக்கும். இதன் கையில் காசு கிடையாது. பூனை ஆட்களைக் கூப்பிட்டு நல்ல உறவைக் கொண்டுவரும், செல்வத்தைத் தூக்கிக் கொடுக்காது என்பது கோயிலின் விளக்கம். எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போனது. கட்டைவிரல் அளவிலிருந்து ஓரடி உயரம் வரை வைத்திருக்கிறார்கள். விலையும் சில நூறு யென்னில் தொடங்கிச் சில ஆயிரம் வரை போகிறது. நான் எடுத்தது ஆகச் சிறியது. அந்த அளவிலும் மீசைக் கோடு தெளிவாக இருக்கிறது.

வேண்டுதல் பலித்தால் பூனையைக் கோயிலிலேயே கொண்டுவந்து வைக்கிறார்கள். அப்படி வந்த பூனைகள் ஒரு சன்னதிப் பக்கம் வரிசை வரிசையாக, ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. சமயபுரத்தில் கண்மலர் சாத்துகிற நமக்கு இதை யாரும் விளக்கவே வேண்டாம். மழையில் நனைந்து மங்கிய பூனைக்குப் பக்கத்தில் நேற்று வைத்தது போல ஒன்று பளபளத்தது. யாருக்கு என்ன பலித்ததோ என்று அங்கேயே நின்றுவிட்டேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று: பீங்கான் என்பதால் துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். சில்லறை யென்னும் கையில் இருக்கட்டும். சேகரிக்கிறவர்கள், கிடைத்தால் இரண்டாக வாங்குவது நல்லது; ஒன்றைத் திருப்பித் தந்தாலும் இன்னொன்று நம்மிடம் இருக்கும். நான் ஒன்றுதான் வாங்கினேன்.

அன்று ராத்திரி மருமகள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டிசம்பரில் ஜப்பானிய மொழித் தேர்வு எழுதுகிறாள். "அத்தை, இது இங்கேயே இருக்கட்டுமா?" என்று கேட்டாள். இப்போது அவள் படிக்கிற மேஜையில், அகராதிக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. தேர்வில் தேறியதும் அவளே கொண்டுபோய் வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நான் அங்கே இருந்தால் நானும் கூடப் போவேன்.