வேட்டங்குடி கண்மாய்க் கரைக்கு எந்தக் கண்ணாடி?

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் வழியாக மதுரைக்குப் போகிறவர்கள் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். 1977-இல் அறிவிக்கப்பட்ட இடம். மூன்று கண்மாய், மொத்தம் 38.4 ஹெக்டேர். பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அங்கே போகிற நாமும் கரையிலேயே நின்று, தூரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். அதற்கு வாங்குவது 8×42 பைனாகுலரா, 10×42-ஆ, இல்லை முக்காலியில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிற ஸ்பாட்டிங் ஸ்கோப்பா? (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, 42 முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில்.)

கடையில் எல்லோரும் 10-ஐத்தான் கேட்பார்கள். நானும் அதைத்தான் வாங்கினேன். ஆனால் 10 மடங்கு பறவையைப் பெரிதாக்கும்போது கை நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்குகிறது. அப்பச்சிக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் கையில் கொடுத்தால் நாரை கிளையோடு சேர்ந்து ஆடியது. 8-ஐக் கொடுத்ததும் நின்றது. பார்வைப் பரப்பும் 8-இல்தான் அதிகம். 1000 மீட்டர் தூரத்தில் நல்ல 8×42 சுமார் 130 மீட்டர் அகலத்தைக் காட்டினால், 10×42 சுமார் 110-தான் காட்டும். ஒரு கூட்டம் சட்டென்று எழும்பும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

அப்புறம் வெளிச்சம். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, 10-ஆல் வகுத்தால் 4.2. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் இது, மில்லிமீட்டரில். பகலில் இரண்டும் ஒன்றுதான். பொழுது சாய்ந்து வக்காக்கள் இரை தேடக் கிளம்பும்போது 8-இல் படம் தெளிவாக இருக்கும். வயதானவர்களின் கண்பாவை இருட்டிலும் அவ்வளவாக விரியாது. அதனால் அப்பச்சிக்கு வெளிச்சத்தில் பெரிய லாபமில்லை, ஆட்டம் குறைந்ததுதான் லாபம்.

ஸ்கோப் வேறு ரகம். 20 முதல் 60 மடங்கு, 65 மி.மீ. முன்கண்ணாடி என்று வைத்துக்கொள்வோம். 60-க்குத் திருப்பினால் ஒளிக்கற்றை 1.1 மி.மீ.க்குச் சுருங்கிப் படம் மங்கிவிடும். வெயில் ஏறினால் கானலும் சேர்ந்து நெளியும். 30-ஐத் தாண்டாதீர்கள். ஆனால் அந்த 30-இல் கிடைப்பது பைனாகுலரில் கிடைக்காது. வளர்ந்த நத்தைகுத்தி நாரையின் அலகில் நடுவே இடைவெளி இருக்கும், குஞ்சுக்கு இருக்காது. கூட்டில் நிற்பது எது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். ஒருமுறை பொருத்திவிட்டால் பிள்ளைகள் வரிசையில் நின்று ஒரே பறவையைப் பார்க்கலாம். முக்காலி மட்டும் கனமாக இருக்க வேண்டும். லேசானது கரைக் காற்றுக்கு நிற்காது.

பணம் குறைவு என்றால் போரோ பட்டக வகை (முன்கண்ணாடிகள் கண் வைக்கும் இடத்தைவிட அகலத் தள்ளி இருக்கும் பழைய வடிவம்) பைனாகுலர் வாங்குங்கள், அதே விலையில் படம் நன்றாக இருக்கும். ஆனால் அந்த வகையில் பல மாதிரிகள் நீர்புகா வகை அல்ல. இங்கே பறவைகள் வருவதும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே காலம். என்னுடைய முதல் கண்ணாடியில் ஈரம் புகுந்து, உள்ளே பூஞ்சை படர்ந்து வீணாகிவிட்டது. நைட்ரஜன் அடைத்த, நீர்புகாத மாதிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்தூரம் (முழுப் படமும் தெரிய, பைனாகுலரின் பின்கண்ணாடியிலிருந்து கண் இருக்கக்கூடிய தூரம்) 15 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 8×42. இப்போது என் 10-ஐத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். கூடுகளில் குஞ்சு இருக்கும் வாரங்களில் மட்டும் ஸ்கோப்பையும் வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன்.